ஒரே உயரத் தாவலும் மூக்கம்மாவின் ஓடைகளும்

கணினி விளையாட்டு செய்கிறவர்களுக்கு ஒரு தொழில்நோய் உண்டு: சின்ன வயதில் தாங்கள் விழுந்த குழியில் நாமும் விழுந்தே தீரவேண்டும். பொத்தானை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் காய்த்துப்போன சக குழிவாசிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கல்லூரி விடுமுறையில், குமுளியில் ஒரு மசாலாக் கடையின் மாடியில், அப்படியொரு கணினி விளையாட்டுக்கு நான் படம் வரைந்தேன்.

கொள்கை

எழுபதுகளின் ஏலத்தோட்டம், சதுரம் சதுரமாகத் தெரியும் பழைய பாணிப் படம். கூடையோடு ஓடும் நாயகி மூக்கம்மா கல்லையும் ஓடையையும் தாண்ட வேண்டும். ஓடைகள் முழுக்க என் கைவேலை. தண்ணீர் நடுவே கால் வைக்க ஒரு கல் பக்கத்தில், அடுத்த கல் தூரத்தில். பொத்தானைத் தட்டினால் சின்னத் தாவல், விடாமல் பிடித்தால் பெரிய தாவல் என்று நம்பி வரைந்தேன். முதலாளி செந்தில் அண்ணனோ எப்படி அமுக்கினாலும் ஒரே தாவல்தான், பழைய ஆட்டத்துக்கு அதுதான் அழகு என்றார். அப்படியானால் என் ஓடைகள் குப்பைக்கு.

கத்தினேன். இரண்டு விதத்தையும் நாலு பேரிடம் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. ஆனாலும் கடைசி வார்த்தை அவருடையதாக இருக்க வேண்டுமே: "தாவுறதுக்கு முன்னாடி யோசிக்கணும்மா. அந்தரத்துல நின்னுக்கிட்டு என்ன யோசன?"

ஜீப்பு

அண்ணனின் தாவலை முதலில் ஆடியவர், சவாரிக்குக் காத்திருந்த ஜீப் டிரைவர். முழங்கால் உயரக் கல்லைத் தாண்டப் பொத்தானைத் தொட்டார். மூக்கம்மா ஆகாயத்துக்கு எழும்பி, மேலே தொங்கிய குளவிக்கூட்டில் தலையை விட்டாள். மறுபடியும் அதே கல், அதே கூடு. டிரைவர் எழுந்துவிட்டார்.

"ஏம்மா, கல்லுக்கும் அதே தாவு, காட்டாத்துக்கும் அதே தாவா? மலமெட்டு பூராம் ஒரே கியர்ல எறங்குனா நா வீடு போய்ச் சேருவனா?"

காலிங்பெல்

வெற்றி என்று நான் துள்ளிக்கொண்டிருந்தபோது, பாலக்காட்டிலிருந்து ஏலக்காய் எடுக்க வந்த ராவுத்தர் ஒருவர் என் தாவலை ஆட உட்கார்ந்தார். பெரிய தாவலுக்குப் பொத்தானை அதிக நேரம் பிடிக்க வேண்டும் என்றேன். அவர் அதிக பலத்தோடு பிடித்தார். பல்லைக் கடித்து, நாற்காலியைவிட்டு அரையடி எழும்பி, பொத்தானை நசுக்கி, சட்டென்று விட்டார். மூக்கம்மா கோழிக்குஞ்சுபோல் ஒரு குதி குதித்து ஓடையில் விழுந்தாள். "பலமா இல்லீங்க, விடாம" என்று கெஞ்சினேன். செந்தில் அண்ணன் கதவருகே நின்று சிரித்தார். ராவுத்தர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மிணி, காலிங்பெல்ல விடாமப் புடிச்சுட்டு நின்னா பெரிய கதவாத் தொறக்குமுங்களா?"

பாலம்

அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார் அண்ணன். தன் தாவலை என் ஓடைகளில் தானே ஆடிப் பார்த்தார். பக்கத்துக் கல்லைத் தாண்டிப்போய் விழுந்தார்; தூரத்துக் கல்லுக்கு எட்டாமல் விழுந்தார். மத்தியானம் முழுக்க விழுந்தார். தாவலை மாற்றுவார் என்று தேநீரோடு காத்திருந்தேன். அவர் மாற்றியது ஓடையை! ஒவ்வொன்றின்மேலும் ஒரு மரப்பாலம்; வழியில் கிடந்த கல்லையெல்லாம்கூட எடுத்துவிட்டார். கேட்டால், எழுபதுகளிலும் பாலம் இருந்ததாம்.

கீழே கடையில் கணக்கு பார்க்கும் செல்வி அக்காவைக் கூப்பிட்டு ஆடச்சொன்னார். மூக்கம்மா ஓடினாள், ஓடினாள், ஓடிக்கொண்டே போய் ஆட்டத்தை முடித்தாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி, சேல நனையாமப் போறா. ஆனா இந்தப் பொத்தான் எதுக்கு?"

தாவலை மாற்றச் சொன்னால் ஓடையை மூடுகிறவர்களிடம்தான், குழிவாசிகளே, நாம் விளையாட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.