பிரிக்காத ஆல்பம்

எங்கள் தீவில் கப்பல் வரவில்லை என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. கடையில் உருளைக்கிழங்கு இல்லையென்றால் கப்பல் வரவில்லை. கட்டுமான வேலை நின்றுபோனால் கப்பல் வரவில்லை. ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஏஜென்சி ஒன்றின் அலுவலகத்தில் நான் வேலை பார்ப்பதால், நாங்கள் குடியிருக்கும் டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் சந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் என்னைத்தான் நம்புவார்கள். நான் சொன்ன தேதி தவறியதில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்வேன். அப்படிச் சேர்த்து வைத்திருந்த நம்பிக்கையை என் மகளிடமே பயன்படுத்திக்கொண்டேன்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அவளும் அடுத்த சந்தில் இருந்த மலையாளக் குடும்பத்துப் பெண்ணும் ஒரே வகுப்பு, ஒரே பைத்தியம். கொரியாவில் ஐந்து பெண்கள் சேர்ந்து பாடும் ஒரு குழு. முழு ஆல்பம் வருவதற்கு முன்னால் அதிலிருந்து ஒவ்வொரு பாட்டாக வெளியே விடுவார்கள், அதற்குப் பெயர் சிங்கிள் என்பதையெல்லாம் எனக்கு விளக்கிச் சொன்னவள் தோழிதான். எங்கள் வீட்டில் அவள் இந்தியில் பேசுவாள், பாதியில் தமிழுக்கு வருவாள், கோபம் வந்தால் மலையாளம்.

முதல் சிங்கிள் மழைக்காலத்தில் வந்தது. கூரைத் தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்தைத் தாண்டி அதை உரக்க வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எங்கள் கூடத்தில் ஆடினார்கள். இரண்டாவது மெதுவான பாட்டு. அர்த்தம் ஒன்றும் தெரியாமலே என் மனைவி சமையலறையில் அதை முணுமுணுக்க ஆரம்பித்தாள். மூன்றாவதில் தோளை மட்டும் தனியாக வெட்டி வெட்டி ஆட வேண்டும். அதைப் பார்த்து, "கழுத்து சுளுக்கிக்கிட்டா அதுக்கும் ஒரு பாட்டு இருக்கா?" என்றாள் மனைவி.

ஐவரில் மூத்தவள், கனத்த குரல்காரிதான் தோழிக்குப் பிடித்தவள். மூன்று சிங்கிளிலும் சேர்த்து அவளுக்குக் கிடைத்தது ஓரிரு வரிகள்தான். ஆனால் ஆல்பத்தில் அவளுக்கென்று முழுசாக ஒரு தனிப்பாட்டு இருக்கிறது என்று அறிவித்திருந்தார்கள். "சிங்கிள் ஊருக்கு, அங்கிள். ஆல்பம் நமக்கு" என்றாள் தோழி.

அதனால் இருவரும் ஒரு முடிவு செய்துகொண்டார்கள். ஆல்பம் வெளியான அன்றே எல்லாப் பாட்டுகளும் போனில் வந்துவிட்டன. ஆனாலும் கேட்கக் கூடாது. பெட்டி வர வேண்டும். அதைச் சேர்ந்து பிரிக்க வேண்டும். உள்ளே படப் புத்தகம், பாட்டு வரிகள் அச்சிட்ட புத்தகம், யாருடைய முகம் வரும் என்று பிரிக்கும்வரை தெரியாத இரண்டு அட்டைகள் எல்லாம் இருக்கும். அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே மூச்சில் கேட்க வேண்டும். இத்தனைக்கும் உள்ளே இருக்கும் வட்டத் தட்டைப் போட்டுக் கேட்க எங்கள் இரண்டு வீட்டிலும் கருவி கிடையாது. போனில்தான் கேட்கப்போகிறார்கள். அதைச் சுட்டிக்காட்டினேன்.

"போப்பா, உனக்குப் புரியாது" என்றாள் மகள்.

எங்கள் பின்கோடுக்கு அனுப்ப மாட்டோம் என்று ஆன்லைன் கடைகள் கைவிரித்தன. சென்னையில் இருக்கும் என் மைத்துனி அதை வாங்கி, சரக்கு எடுக்க அங்கே போயிருந்த அபர்டீன் பஜார் பாயிடம் கொடுத்தாள். வளையல், பொம்மை, பரிசுச் சாமான் விற்கும் கடை அவருடையது. பெட்டி அவர் சரக்கோடு கப்பலில் வரும்.

அன்றிலிருந்து தோழி என்னைச் சந்தில் பார்க்கும்போதெல்லாம் கப்பல் வந்துவிட்டதா என்ற ஒரே கேள்விதான்.

"அங்கிள், ஜஹாஸ் ஆயா க்யா?"

"சென்னையை விட்டே இன்னும் கிளம்பலை."

"வந்தா முதல்ல நம்ம பெட்டியை இறக்கச் சொல்லுங்க."

"கிரேன்காரன் என் மச்சானா?"

"அப்புறம் என்ன அங்கிள் நீங்க பெரிய ஆஃபீஸர்!"

கப்பல் வந்தது. மறுநாள் பாய் போன் செய்தார். அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் கடைக்குப் போனேன். துணி மூட்டைக்குள் பொதிந்து வைத்திருந்த பெட்டியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். தடித்த புத்தகம் அளவு. மேலே கண்ணாடித் தாள் ஒட்டியபடியே இருந்தது.

"இதுக்குத்தானா புள்ளைக ரெண்டும் தினம் கடையை எட்டிப் பார்த்துட்டுப் போவுது? உள்ள என்ன, தங்கமா?"

"பாட்டு பாய்."

"பாட்டைப் பொட்டியில வச்சு விக்கிறானுவளா. நாம வளையலை வச்சுக்கிட்டுக் கிடக்கோம்."

மகளுக்குக் கணக்குப் பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. அதன்பிறகும் மூன்று தாள்கள். இந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாலையோடு முடியாது. அட்டையைப் பற்றி இரண்டு நாள் பேசுவார்கள், பாட்டைப் பற்றி ஒரு வாரம். "பொண்ணு கேட்டா இன்னும் வரலைன்னு சொல்லிடுங்க பாய். பரீட்சை முடியட்டும்" என்றேன்.

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "புள்ளைக வந்தா நான் பின்னால குடோனுக்குள்ள போயிடுறேன். பொய் உங்களோட இருக்கட்டும்."

பெட்டியை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிடும்போது மகள் கேட்டாள். இந்த முறை சிமெண்டும் உருளைக்கிழங்கும்தான் வந்திருக்கிறது, பாயுடைய சரக்கு அடுத்த கப்பலில் என்றேன்.

"சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். மறுகேள்வி கேட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே தடுமாறியிருப்பேன்.

பரீட்சைக்காகத்தான் செய்தேன் என்பது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. எது எப்போது நடக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துவதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. முதலில் பரீட்சை, பிறகு பாட்டு. அலமாரிச் சாவி சட்டைப் பையில் இருந்தபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நிம்மதி நிலைக்கவில்லை. பாட்டைக் கேட்கக் கூடாது என்ற முடிவைப் பிள்ளைகள் அவ்வளவு கறாராகக் காப்பாற்றினார்கள். ஒருமுறை மகளைப் பரீட்சைக்கு ஸ்கூட்டரில் கூட்டிப் போகும்போது பக்கத்தில் நின்ற ஆட்டோவில் ஏதோ கொரியப் பாட்டு ஓடியது. பின்னாலிருந்து, "அப்பா, சீக்கிரம் எடு, எடு!" என்று கத்தினாள். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, கேட்காமலிருக்க உரக்க ஃபார்முலா ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பள்ளி வாசலில் தோழி கேட்டாள், "ஜஹாஸ், அங்கிள்?" இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை என்பதை ஒரு நேர்மை மாதிரி மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

கணக்கு முடிந்த வாரத்தில் தோழியின் அப்பாவுக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது. அவர்கள் கிளம்புவதற்குள் தோழிக்குத் தாள்கள் முடிந்துவிடும். என் மகளுக்கு அவள் மட்டும் எடுத்திருந்த பாடம் ஒன்று அப்போதும் பாக்கி இருக்கும். சாமான்களோடு போவதால் கப்பலில்தான் பயணம். எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று அவர்கள் வந்து கேட்டது என்னிடம்தான்.

அன்று மாலையே பெட்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஏன் வரவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எடுத்து வந்தால் எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்ல வேண்டும். சிமெண்ட் வந்த கப்பலுக்குப் பிறகு சென்னையிலிருந்து வேறு கப்பல் வரவில்லை. மற்ற வீட்டுப் பிள்ளைகளை ஏமாற்றலாம், கப்பல் தேதியெல்லாம் தெரிந்த என் மகளை முடியாது. ஏமாற்றியதை ஒப்புக்கொள்வதைவிட இன்னும் கொஞ்ச நாள் ஏமாற்றுவது சுலபமாகத் தெரிந்தது. அதனால் ஒரு கணக்குப் போட்டேன். தோழியை ஏற்றிப்போகும் கப்பல் சென்னையிலிருந்துதான் வருகிறது. காலையில் துறையில் கட்டினால் மறுநாள் மாலைதான் புறப்படும். நடுவே ஒரு முழு மாலை இருக்கிறது. அப்போது, இதோ வந்துவிட்டது என்று கொடுத்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

சென்னையில் சரக்கு ஏற்றுவதில் தாமதமாகி, கப்பல் ஒரு நாள் பிந்தி வந்தது. அடுத்து வரும் கப்பலுக்கு இடம் விட வேண்டும் என்பதால் புறப்படும் தேதியைத் தள்ளவில்லை. வந்த அன்றே ஆட்களை ஏற்றிக் கிளம்ப வேண்டும் என்றார்கள். என் கணக்கில் இருந்த மாலை காணாமல் போனது.

கப்பல் நிற்கும் வார்ஃபில் பயணிகள் வரிசையில் தோழியும் அவள் அம்மா அப்பாவும் மூட்டைகளோடு நின்றார்கள். வழியனுப்ப மகள் வந்திருந்தாள். நான் அலுவலகத்திலிருந்து பையோடு நடந்து போனேன். பைக்குள் பெட்டி இருந்தது. கப்பலின் சரக்கறை மூடியை இன்னும் திறக்கவில்லை. கிரேன் அசையாமல் நின்றது. ஆட்கள் ஏறிய பிறகுதான் சரக்கில் கை வைப்போம் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள்.

தோழி என்னைப் பார்த்ததும் அழுத கண்ணோடு சிரித்தாள். "அங்கிள், கடைசித் தடவை கேட்கிறேன். ஜஹாஸ் ஆயா க்யா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவள் போட்ட கூச்சலில் வரிசையே திரும்பியது. "ஆகயா! இப்போதானே கப்பல் கட்டினாங்க, அதுக்குள்ள எப்படி இறக்கினாங்க?"

என் மகள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கிரேனைப் பார்த்தாள். மூடியிருந்த சரக்கறையைப் பார்த்தாள். கடைசியாக என்னை. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள், "எங்க அப்பா சொன்னா முதல்ல இறக்குவாங்கடீ. சும்மாவா?"

"நான்தான் சொன்னேனே, பெரிய ஆஃபீஸர்னு!" என்று தோழி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் அம்மா வழியில் சாப்பிட வைத்திருந்த சிப்ஸ் பொட்டலங்களில் ஒன்றை எடுத்து, வேண்டுமா என்றும் கேட்காமல், என் பையில் திணித்தார்.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடித் தாளை நகத்தால் ஓரமாகக் கீறி மெதுவாகப் பிரிக்க வேண்டும் என்றெல்லாம் பேசி வைத்திருந்தவர்கள். சாவியால் குத்திக் கிழித்தார்கள். அட்டைகள் இரண்டிலும் கனத்த குரல்காரி இல்லை. நேரம் இருந்திருந்தால் அது ஒரு பெரிய சோகமாகி, பிறகு பெரிய சிரிப்பாகியிருக்கும். இருவரும் ஆளுக்கொரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டார்கள். ஒலிபெருக்கி இந்தியில் ஏதோ அறிவித்தது. பின்னால் நின்றவர், "சலோ, சலோ" என்று டிரங்குப் பெட்டியால் இடித்தார். தோழி காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

"வேண்டாம். இப்படிக் கேட்க வேண்டாம்."

படப் புத்தகத்தை அவள் எடுத்துக்கொண்டாள். பாட்டுவரிப் புத்தகத்தை மகளிடம் கொடுத்தாள். "பாட்டைக் கேட்கும்போது ரெண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிப் போனாள்.

திரும்பும்போது பாதி வழியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து மகள் கேட்டாள்.

"எப்போ வந்துச்சு?"

"போன கப்பல்ல."

"சிமெண்ட் வந்த கப்பல்ல."

"ஆமா."

"அப்போ அவளுக்கு டிரான்ஸ்ஃபரே வரலை."

"பரீட்சை நேரம்னு..."

"கணக்கு நல்லாத்தான்பா எழுதினேன்" என்றாள். நடந்ததை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மிச்சமிருந்த தாளுக்குப் போய் உட்கார்ந்து படித்தாள். நான் விரும்பிய ஒழுங்கில், நான் விரும்பியபடியே.

மெயின்லேண்டில் வீடு கிடைத்து, சாமான் பிரித்து, இணைய இணைப்பு வர அந்தக் குடும்பத்துக்குச் சில வாரங்கள் ஆயின. அதுவரை இரண்டு பேரும் ஒரு பாட்டைக்கூடக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் அறையின் கதவைச் சாத்திக்கொண்டாள். தோழியின் குரல் போனிலிருந்து வெளியே கேட்டது. சிறிது நேரத்தில் கதவு திறந்தது.

"உங்களைக் கூப்பிடுறா" என்றாள் மகள். முன்பென்றால், "வாப்பா, உன்னைக் கூப்பிடுறா" என்றிருப்பாள்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். திரையில் தோழி படப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், நீங்க இல்லாம எப்படி? நீங்கதானே கொண்டு வந்தீங்க! இங்கே என் புது கோச்சிங் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கப்பல் கிளம்புற நேரத்துல என் ஃப்ரெண்டோட அப்பா ஓடி வந்து கொடுத்தார்னு."

"பேட்டா, ஏக் பாத் ஹை, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

மகள் போனில் எங்கள் பக்கத்துக் குரலை அணைத்துவிட்டு, ஒலிவாங்கியைக் கையாலும் பொத்திக்கொண்டாள். "சொல்லாதீங்க."

"சொல்லிடறேன்மா. அவளுக்குத் தெரியணும்."

"எதுக்கு? சொன்னா உங்களுக்கு லேசாயிடும். அவளுக்கு? அங்க அவளுக்கு இன்னும் யாருமே ஃப்ரெண்டா சேரலை. வார்ஃபுல கடைசி நேரத்துல பெட்டி வந்துச்சுங்கறதுதான் இந்த ஊரைப் பத்தி அவ எல்லார்கிட்டயும் சொல்ற கதை. அதையும் எடுத்துடாதீங்க. எனக்குத் தெரியும்ல, போதும்."

திரையில் தோழி, "ஹலோ? ஹலோ? சத்தம் வரலை" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மகள் குரலைத் திறந்தாள். "ஒண்ணும் இல்லடீ. அப்பாவுக்கு வெட்கம்."

ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் பாட்டைத் தொடங்கினார்கள். எனக்குப் பழகிய சிங்கிள்களும் இடையிடையே வந்தன. பிறகு அந்தத் தனிப்பாட்டு. கனத்த குரல். பின்னணியில் பெரிதாக ஒன்றும் இல்லை. யாரும் குறுக்கே வரவில்லை, அவளே தொடங்கி அவளே முடித்தாள். தோழி புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். என் மகளும் அழுதாள். தொட்டு அழக்கூடிய தூரத்தில் அவர்கள் இருந்திருக்கலாம் என்பது எனக்கும் தெரிந்தது, மகளுக்கும் தெரிந்தது.

"எப்படி அங்கிள்?" என்றாள் தோழி மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"நல்லா இருக்கும்மா" என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது.

"தாங்க் யூ அங்கிள்."

மகள் பாட்டுவரிப் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பாட்டு தொடங்கியது. நான் இருக்க வேண்டுமா, எழுந்து போகலாமா என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.