சிவப்புத் துணி கட்டிய குச்சி

"ஏட்டி, கழுகுமலை ரோட்டுல ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒதுங்கி ஓட்டுதவளுக்கு மெட்ராஸ் ரோடு என்ன தெரியும்? ஒரு மாசம் தாங்க மாட்ட. வண்டிய ரயில்ல ஏத்திவிட்டுட்டு நீயும் பின்னாலயே வந்துருவ."

என் தாய்மாமா இதைச் சொன்னது கோவில்பட்டி ரயில் நிலையத்தில், பார்சல் ஆபீஸ் வாசலில். பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றித் தைத்து, என் பெயரை அட்டையில் எழுதிக் கட்டி, அப்பாவின் மோட்டார் சைக்கிள் ரயிலுக்குக் காத்து நின்றது. நான் விடவில்லை.

"மாமா, நம்ம பஸ் ஸ்டாண்டுல ரோட்டைத் தாண்டவே நீங்க அத்தை கையப் பிடிக்கீங்க. நீங்க மெட்ராஸப் பத்திப் பேசுதீங்களா?"

சாக்கு தைத்தவர்கூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

தேவனுடைய பிள்ளைகளே, நம் சபைப் பத்திரிகையில் வரும் சாட்சிகளை வாசித்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து வரும் அம்மாவுக்கு இந்தப் பக்கங்களை உரக்க வாசித்துக் காட்டுவேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருப்பார். இன்று என் சாட்சியை எழுதுகிறேன். இதை அம்மாவுக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள் என்று தெரியவில்லை. ஒருவேளை மாமாதான் வாசிக்க வேண்டியிருக்கும். நன்றாக வாசிக்கட்டும்.

அந்த வண்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அப்பா கருவாட்டு வியாபாரி. தூத்துக்குடியில் சரக்கு எடுத்து, வண்டியின் இரண்டு பக்கமும் கூடை கட்டி, எப்போதும்வென்றான், கடம்பூர், கழுகுமலை என்று ஊர் ஊராகப் போவார். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது சனிக்கிழமைகளில் என்னை முன்னால் உட்காரவைத்து, கூடைகளுக்கு நடுவில் தன்னைச் செருகிக்கொண்டு, ஓட்டப் பழக்கினார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. எந்த ஊர்ப் பலகை வந்தாலும் நான் உரக்க வாசிப்பேன். "ஓஹோ, அப்படியா எழுதியிருக்கு?" என்று பின்னாலிருந்து கேட்பார், முப்பது வருடமாகப் போய்வந்த ஊரை அன்றுதான் புதிதாகப் பார்ப்பவர் போல. வயல்களில் உளுந்தும் கம்பும் நிற்கும். வெயிலில் கண் கூசும். எதிரே வருகிற பஸ் டிரைவர் கையைத் தூக்குவார். கிணற்றடியில் நிற்கும் பெண்கள், "கருவாட்டுக்காரவிய மக வண்டி ஓட்டுதா பாருங்க!" என்பார்கள். எந்த ஊருக்குள் போனாலும் வண்டியைப் பார்த்ததுமே எங்களைத் தெரிந்துவிடும். அப்போது அதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

கரிசல் மண்ணில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். ஈர மண் டயரில் ஏறி, மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பிசைந்த மாவு போல இறுகிவிடும். சக்கரம் சுற்றாது. இறங்கிக் குச்சியால் தோண்டி எடுக்க வேண்டும். அதற்காக அப்பா உடைமரக் குச்சி ஒன்றை, இரண்டு முழ நீளத்தில், முனையைச் சப்பையாகச் சீவி, பின் கேரியரில் செங்குத்தாகக் கட்டியிருந்தார். கூடைகள் அகலமாகத் துருத்திக்கொண்டு நிற்பதால், பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரியட்டும் என்று குச்சியின் உச்சியில் அம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து ஒரு துண்டு கட்டியிருந்தார்.

மழை பெய்தால் அப்பா சொல்வது ஒன்றே ஒன்றுதான். "தரைப்பாலத்துல தண்ணி தெரியுத எடத்துலயே போ மக்கா. அதுக்கு அடியில சிமிண்டு இருக்கு. ஓரத்துல தண்ணி இல்லாம கருப்பா மினுங்குது பாரு, அதுதான் ஆளை இழுக்கும்." அப்படியே செய்வேன். ஒரு நாளும் விழுந்ததில்லை.

முழங்கால் தேய்ந்து, கிக்கரை உதைக்க முடியாமல் போனபோது, அப்பா வண்டியை எனக்குத் தந்துவிட்டுச் சந்தையில் உட்கார்ந்து விற்கத் தொடங்கினார். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்த எனக்குச் சென்னையில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவர வேண்டும். வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வேலை. வண்டி இல்லை என்றால் வேலை இல்லை.

சென்னையில் முதல் வாரமே உடன் வேலை செய்தவர்கள் குச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். "இது என்ன ஆன்டெனாவா? எஃப்எம் எடுக்குதா?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று மாலையே கழற்ற உட்கார்ந்தேன். அப்பா கட்டிய பிளாஸ்டிக் கயிற்று முடிச்சு அவிழவே இல்லை. நகம் உடைந்ததுதான் மிச்சம். கத்தியால் அறுக்க மனம் வரவில்லை. விட்டுவிட்டேன்.

நான்கு மாதம் ஓட்டினேன். சிக்னல்கள் பழகின. பாலங்கள் பழகின. ஆனால் ஆயிரம் வண்டிகளுக்கு நடுவில் நின்றாலும் ஒருவர்கூட என்னைத் தெரிந்தவராகப் பார்க்கவில்லை. கதவைத் திறப்பவர்கள் என் கையில் இருக்கும் ஊசியைப் பார்த்தார்கள். விடுதி அறையில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்த ஊரில் என்னை யாருக்குமே தெரியவில்லையே" என்று அழுதிருக்கிறேன். மாமாவின் வார்த்தை நினைவுக்கு வரும். உடனே கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

நவம்பர் மாதம். ஒரு வியாழக்கிழமை. இரண்டு நாளாக விடாத மழை. காலை ஆறரை மணிக்கு ஒரு பெரியவருக்குச் சர்க்கரைப் பரிசோதனைக்காகப் போய்க்கொண்டிருந்தேன். குழாய் பதிக்க ஒரு தெருவைத் தோண்டியிருந்தார்கள். தெருவின் ஒரு பாதியில் குவித்த மண் சேறாகக் கிடந்தது. அதில்தான் மற்ற வண்டிகளின் தடம் ஓடியது. மறுபாதியில் தண்ணீர் அமைதியாக, கண்ணாடி போல நின்றது. நான் சேற்றைப் பார்த்தேன். தண்ணீரைப் பார்த்தேன். இந்த ஊர்க்காரர்களுக்கு மண்ணைத் தெரியவில்லை என்று எனக்குள் சிரித்துக்கொண்டே வண்டியைத் தண்ணீரில் விட்டேன்.

அதற்கு அடியில் சிமெண்டு இல்லை. மூடி எடுத்த மழைநீர்க் கால்வாய் இருந்தது.

முன்சக்கரம் அப்படியே உள்ளே இறங்கியது. நான் தூக்கி எறியப்பட்டுக் கால்வாய்க்குள் விழுந்தேன். என் வலது காலை வண்டியின் மிதிகட்டை கால்வாய்ச் சுவரோடு வைத்து அழுத்திவிட்டது. இழுத்தேன். வரவில்லை. தண்ணீர் மார்பளவு இருந்தது. கொஞ்ச நேரத்தில் தோளுக்கு வந்தது. ரத்த மாதிரிகள் வைக்கும் பெட்டி மிதந்து போவதைப் பார்த்தேன். கத்தினேன். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தெருவில் ஆள் இல்லை.

சின்ன வயதிலிருந்து ஜெபக் கூட்டங்களில் நன்றாக ஜெபிக்கிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். அன்று ஒரு நல்ல வாக்கியம்கூட வரவில்லை. தாடையைத் தண்ணீர் தொட்டபோது நான் சொன்னது இவ்வளவுதான்:

"ஏசப்பா, யாராவது என்னைப் பாக்கணும்."

திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். எத்தனை முறை என்று தெரியாது.

அப்போது தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது. நான்கு மாதமாகச் சென்னையில் யார் வாயிலும் கேட்காத ஒரு சொல்.

"ஏட்டி! தலையத் தூக்கு ஏட்டி! அசையாத, வாரேன்!"

மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்து, என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அவர் கத்தியதில் இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். மூவருமாக வண்டியை அசைத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. அந்தப் பெண் குச்சியைப் பார்த்தார். மழையில் முறிந்து விழும் கிளைகளை வெட்ட இடுப்பில் செருகியிருந்த அரிவாளால் கயிற்றை ஒரே வெட்டில் அறுத்து, குச்சியை மிதிகட்டைக்கு அடியில் கொடுத்து நெம்பினார். குச்சி மளாரென்று முறிந்தது. முறிவதற்கு முன் என் கால் வெளியே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அவர் மடியில்தான் தலை வைத்திருந்தேன். அவர் பெயர் மாரியம்மாள். சொந்த ஊர் எப்போதும்வென்றான். கல்யாணம் ஆகிச் சென்னை வந்து, அந்தப் பகுதியில் தெரு கூட்டும் வேலை செய்கிறார்.

"தெனமும் காலையில தெரு முக்குல நின்னு கூட்டிக்கிட்டு இருப்பேன். உன் வண்டி போகும். குச்சியையும் துணியையும் பாத்ததுமே தெரிஞ்சிட்டு, இது நம்ம கரிசக்காட்டுப் பிள்ளைன்னு. ஒரு நா நிப்பாட்டிக் கேக்கணும்னு நினைப்பேன். நீ எங்க நிக்க? பறந்துல்லா போற!" என்றார் அக்கா. "இன்னைக்கு வண்டி முக்கு திரும்புனதப் பாத்தேன். அடுத்த முக்குல வரலை. எட்டிப் பாத்தா தெருவுல ஆளும் இல்ல, வண்டியும் இல்ல. தண்ணிக்கு மேல சிவப்புத் துணி மட்டும் ஆடுது."

முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியதால் வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் வெட்கப்பட்டுக் கழற்ற உட்கார்ந்த குச்சி. அவிழாத முடிச்சு.

அன்பானவர்களே, இதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் உடைகிறது. யாராவது என்னைப் பார்க்கட்டும் என்று நான் அந்தக் கால்வாயில் கேட்டேன். நான் கேட்பதற்கு நான்கு மாதம் முன்பே என் தேவன் ஒருவரை அந்த முக்கில் நிறுத்தி, தினமும் என்னைப் பார்க்கவைத்திருந்தார். யாருக்கும் என்னைத் தெரியவில்லை என்று நான் அழுத நாட்களிலும் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான்தான் ஒரு நாள்கூட அவரைப் பார்க்கவில்லை. வீடு வீடாகப் போனவள், தெரு முக்கில் நின்றவர் முகத்தைக் கவனிக்கவில்லை.

அக்கா தன் ஊர்ச் சோலைசாமியைக் கும்பிடுகிறவர். "எங்க சாமிதான் உன்னைக் காட்டுச்சு" என்று இன்றும் சொல்வார். நான் வாதாடுவதில்லை. தண்ணீருக்குள் நான் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டோடு, பழுது பார்த்த வண்டியையும் பார்சலில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தேன். மாமா கடம்பூர் போளிப் பொட்டலத்தோடு பார்க்க வந்தார்.

"ஒரு மாசம்னு சொன்னேன். நாலு மாசம் தாங்கிட்டியே. பரவால்ல ஏட்டி" என்றார்.

போளியை வாங்கிக்கொண்டேன். கட்டுப் பிரித்த பிறகும் வண்டியில் ஏறி உட்கார மனம் துணியவில்லை. சென்னையிலிருந்து போன் வந்தது. அடுத்த திங்கள்கிழமை வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார்களாம். கோவில்பட்டியிலேயே ஒரு லேபில் சேர்ந்துவிடலாம் என்று முடிவு செய்து, வீட்டில் சொல்லியும்விட்டேன். அப்பா வெளியே போய் ஒரு உடைமரக் குச்சியை வெட்டிவந்து, முனையைச் சீவ ஆரம்பித்தார். அம்மாதான் கேட்டார்.

"அந்தப் பிள்ள தெனமும் முக்குல நின்னு உன் வண்டியப் பாக்கும்னு சொன்னியே. இப்பவும் பாத்துக்கிட்டுத்தான நிக்கும்?"

அந்த ஒரு கேள்விக்கு முன் என் பயம் நிற்கவில்லை. அப்பா புதுக் குச்சியைக் கட்டித் தந்த வண்டியோடு அன்று இரவே ரயில் ஏறினேன்.

திங்கள்கிழமை காலை அந்த முக்கில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். முதலில் தொட்டுப் பார்த்தது என் காலை அல்ல, புதுக் குச்சியை. "முடிச்சு நல்லா விழுந்திருக்கு" என்றார்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. தண்ணீர் நிற்கும் இடத்தில் இறங்கிக் குச்சியை விட்டு ஆழம் பார்க்காமல் நான் போவதில்லை. எந்தத் தெருவில் போனாலும் முக்கில் நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் போவதும் இல்லை. இதை வாசிக்கிற நீங்களும் ஏதோ ஒரு பள்ளத்தில் நின்று, என்னை யாரும் பார்க்கவில்லையே என்று அழுதுகொண்டிருக்கலாம். நல்ல வார்த்தைகளைத் தேடாதீர்கள். வாயில் வருவதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பார்க்கிறவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறார். இது நான் கேட்டு அறிந்ததல்ல, கழுத்தளவு தண்ணீரில் நின்று கற்றது.

மாரியம்மாள் அக்கா தினமும் விடியுமுன் அரை மணி நேரம் நடந்து வேலைக்கு வருகிறார். போன மாதம் அவரைக் கூட்டிப்போய்ப் பழகுநர் உரிமம் எடுத்துக் கொடுத்தேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு தெருவில் அப்பாவின் வண்டியில் அவரை முன்னால் உட்காரவைத்துப் பின்னால் நான் ஏறிக்கொண்டேன்.

"ஏட்டி, விழுந்துருவனோ?"

"ரோட்டைப் பாருங்கக்கா. பலகைய நான் வாசிக்கேன்."

அக்கா முதல் கியரைப் போட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது.