பதினான்காவது பாகம்

"பணியின் பெயர்: உதவியாளர் (திறன் சாராதவர்). பணி விவரம்: தட்டில் ஒட்டியுள்ள படத்தின்படி பாகங்களை எடுத்து வைத்தல். எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது. பாகம் ஏதேனும் குறைந்தால் தானாகத் தேடக் கூடாது. மேற்பார்வையாளரிடம் தெரிவித்துவிட்டு, இருந்த இடத்திலேயே காத்திருக்க வேண்டும்."

ஓசூரில், இரு சக்கர வண்டிகளுக்கு பிரேக் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில், இந்த அட்டை தமிழ்செல்வியின் தலைக்கு நேர் மேலே தொங்கியது. தலைக்கு மேலே தொங்குவதை யாரும் படிப்பதில்லை. தமிழ்செல்வி படித்தாள். எழுத்தாக எது கண்ணில் பட்டாலும் அவளுக்குப் படித்தாக வேண்டும். மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதம், சிலிண்டர் மீது அச்சடித்த எச்சரிக்கை, எதுவானாலும் சரி. எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போனால் கன்னட போர்டுகளைக்கூட, ஓர் எழுத்தும் தெரியாமலே, ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள்.

இப்படிப்பட்டவள் வேலை செய்யும் இடத்தில் நிர்வாகம் ஒரு 'வாசிப்பு மூலை' திறந்தது. மூலை என்றால் ஒரு கண்ணாடி அலமாரி. சாவி செக்யூரிட்டியிடம் இருந்தது. அதிகாரிகள் வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்த புத்தகங்கள்: நுழைவுத் தேர்வு வழிகாட்டிகள், முப்பது நாளில் தலைவராவது எப்படி என்ற வகை, சர்க்கரை நோய்க்கான சமையல். அவற்றுக்கு நடுவே அட்டை கிழிந்து தலைப்பே இல்லாத, தடித்த ஒரு புத்தகம். எது தடியாக இருக்கிறதோ அது நீண்ட நாள் வரும் என்ற கணக்கில் அதை எடுத்தாள். பழைய எகிப்து நாட்டுக் கடவுள்களின் கதைகள்.

கம்பெனி பஸ்ஸில் படிக்கத் தொடங்கினாள். தொடங்கிய நாளிலிருந்தே குழப்பம். ஒரு பக்கத்தில் சூரியன் படகில் போகும் கிழவன். அடுத்த பக்கத்தில் அதே சூரியன் ஒரு வண்டு. நரித்தலைக்காரர் ஒருவர் செத்தவனின் இதயத்தைத் தராசில் ஒரு பக்கமும் இறகை மறு பக்கமும் வைத்து நிறுக்கிறார். ஒசைரிஸ் என்ற ராஜாவுக்கு ஐசிஸ் மனைவி என்று படித்து, நாலு பக்கம் தள்ளி ஐசிஸ் அவனுடைய தங்கை என்றும் படித்தபோது, தான்தான் தப்பாகப் படித்துவிட்டோம் என்று திரும்பிப் போனாள். தப்பில்லை. இரண்டும்தான்.

"இது என்ன சாமிங்கடி?" என்றாள் பக்கத்து சீட் மாரம்மா. கெலமங்கலத்துக்காரி, அதே பிரிவில் வேலை. தமிழில் தொடங்கி, உணர்ச்சி வந்தால் கன்னடத்துக்குப் போய், கோபம் வந்தால் தெலுங்கில் முடிப்பவள்.

"அதான்க்கா புரியல. ஆனா விடவும் முடியல."

"நம்ம சாமி எலி மேல போகுது. அத்த கேட்டியா நீ?"

அது நியாயமான கேள்விதான். தமிழ்செல்வி தொடர்ந்து படித்தாள்.

அவளை நிறுத்தியது ஒரே ஓர் இடம். ராஜாவைத் தம்பி சேத் கொன்று, உடலைப் பதினான்கு துண்டாக்கி நாடெங்கும் வீசிவிடுகிறான். ஐசிஸ் பருந்தாகப் பறந்து, ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கிறாள். பதின்மூன்று கிடைத்தன. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்தே அவனை எழுப்பிவிட்டாள். எந்தப் பாகம் கிடைக்கவில்லை என்று புத்தகம் சொல்லவில்லை. எகிப்தியர்கள் கூசாமல் சொன்னதைத் தமிழில் எழுதியவர் நாகரிகம் கருதி விட்டிருந்தார்.

தமிழ்செல்விக்குத் தூக்கம் போயிற்று. காலை முதல் மாலை வரை எந்தத் தட்டில் எது குறைகிறது என்று பார்ப்பதே வேலையாக உள்ளவளிடம், ஒரு பாகம் குறைகிறது, எதுவென்று சொல்லமாட்டேன் என்றால் என்ன செய்வாள்? மாரம்மாவிடம் கேட்டாள். மாரம்மா யோசிக்கவே இல்லை. சரியான விடையை உடனே, பஸ்ஸின் கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பஸ் சிரித்தது. தமிழ்செல்வி மட்டும் நம்பவில்லை. "போங்கக்கா, சாமிப் புஸ்தகத்துல அப்படியெல்லாம் இருக்காது."

வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்கிற நிலைமையில் வீடு இல்லை.

கணவன் ராஜேஷ்குமார். இருவருக்கும் மானாமதுரைப் பக்கம் ஊர். கல்யாணமான கையோடு ஓசூருக்கு வந்து, மூக்கண்டபள்ளியில் ஓர் அறையும் சமையலறையும் பிடித்தவர்கள். அவன் வேலை பார்த்தது தகடு வெட்டும் ஒரு சின்னப் பட்டறையில். போன ஆடியில் வெட்டும் மிஷினில் வலது கை சிக்கி இரண்டு விரல் துண்டாகிப் போயிற்று. ஒன்றைப் பெங்களூரில் ஒட்டினார்கள், இருக்கிறது, மடங்காது. இன்னொன்று கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து கையைப் பேன்ட் பாக்கெட்டுக்கு வெளியே எடுப்பதில்லை. பட்டறைக்காரர்களைத் திட்டத் தொடங்குவான். அந்த ஒரு விரலையாவது தேடிக் கொடுத்தனுப்பினார்களே என்று பாதியில் நிறுத்திக்கொள்வான். பிறகு மனைவியைத் திட்டுவான், அதாவது பேசாமல் இருப்பான்.

காரணம் ஆம்புலன்ஸ். விபத்து நடந்ததும் போன் வந்து, தமிழ்செல்வி பட்டறைக்கு ஓடினாள். ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்தும்விட்டாள். ஆனால் அவனோடு ஏறவில்லை. பட்டறை சூப்பர்வைசர்தான் கூடப் போனார். மாமியார் இருளாயி ஊரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் இதை ஒரு தடவை சொல்லாமல் வைப்பதில்லை: "புருசன் ரத்தம் ஒழுகப் போறான், இவ வாசல்ல நின்னு வேடிக்கை பாத்தாளாம். என் மகனோட டிபன் பாக்ஸக்கூட காப்பாத்தத் துப்பில்ல, அதையும் தொலைச்சுப்பிட்டா." அவள் ஏறவில்லை என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன் ஏறவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளாகச் சொல்லவும் இல்லை. ராஜேஷ்குமாருக்குத் தெரியும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்தும் பேசாமல் இருக்கிறானே என்பது அவள் குழப்பம்.

மாசி பாதியில் அவன் சொன்னான்: "பங்குனி பொறந்ததும் ஊருக்குப் போயிர்றேன். நீ இங்க இருக்கறதுன்னா இரு."

"நான் இருந்து என்ன செய்ய?"

"எனக்கென்ன தெரியும். நீ எப்ப ஏறுவ, எப்ப எறங்குவன்னு யாருக்குத் தெரியும்?"

இந்த நேரம் பார்த்து மார்ச்சில் பாதுகாப்பு வாரம் வந்தது. ஒவ்வொரு பிரிவும் பத்து நிமிட நாடகம் போட வேண்டும். எல்லாப் பிரிவும் எல்லா வருடமும் ஒரே நாடகத்தைத்தான் போடும்: முதல் காட்சியில் ஹெல்மெட் போடாதவன் இரண்டாவதில் சாவான், மூன்றாவதில் மனைவி அழுவாள், நான்காவதில் எல்லோரும் உறுதிமொழி எடுப்பார்கள். இந்த முறை தமிழ்செல்வியின் பிரிவில் எழுத ஆள் இல்லை. புத்தகத்தோடு அலைகிற ஒரே காரணத்துக்காக அவள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

எழுத உட்கார்ந்தவளுக்கு ஹெல்மெட் வரவில்லை, ராஜா வந்தான். வந்தவனைத் துண்டாக்க வேண்டியிருந்தது. மேடையில் நைல் நதியைக் கொண்டுவர முடியாது என்பதால் கழிவுத் தகடு போடும் ஸ்கிராப் தொட்டி வைத்தாள். மாரம்மா சொன்ன பாகத்தைக் குடும்பங்கள் பார்க்க வரும் இடத்தில் தேட முடியாது என்பதால் விரல் என்று வைத்தாள். ஐசிஸ் அம்மாள் பருந்தாக வந்து சுற்றுகிறாள், தொட்டிக்குள் இறங்குகிறாள், தகடு கையைக் கிழிக்கிறது, கரும்பு ஜூஸ் கடையில் ஐஸ் கேட்கிறாள். எது புத்தகத்தில் இருந்தது, எது இல்லை என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. எழுதும்போது எல்லாமே படித்த மாதிரிதான் இருந்தது.

மனிதவளப் பிரிவு நவீன்குமார் படித்துப் பார்த்தார். "மேடம், ஐசிஸ்ங்கற பேர் மேடையில வேணாம். வேற எதையாச்சும் நெனச்சுப்பாங்க. அம்மன்னு மாத்திருங்க."

"சரி சார்."

"இதுல மெசேஜ் என்ன?"

"தெரியல சார். காணாமப் போனதத் தேடணும்ங்கற மாதிரி..."

"அது ஸ்டோர்ஸ் மெசேஜ். சேஃப்டி மெசேஜ் எங்க?" என்றவர், கடைசிப் பக்கம் வந்ததும் முகம் மலர்ந்தார். "அட! விரல ஈரத்துணியில சுத்தி, கவர்ல போட்டு, அப்புறம்தான் ஐஸ்ல வைக்கணும், நேரா வைக்கக் கூடாது. கரெக்ட்டா எழுதியிருக்கீங்களே! இதான் முதலுதவி மெசேஜ். எங்க படிச்சீங்க?"

"புஸ்தகத்துலதான் சார் இருந்திருக்கும்," என்றாள் தமிழ்செல்வி. நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் எகிப்தில் ஐஸ் ஏது என்று இருவரும் யோசிக்கவில்லை.

ஒத்திகையில் மாரம்மாதான் அம்மன். பேக்கிங் பிரிவிலிருந்து வாங்கிய குமிழ் பிளாஸ்டிக் ஷீட்டில் இரண்டு இறக்கை. கையை ஆட்டினால் பட்டுப்பட்டென்று வெடிக்கும். இரண்டாவது நாள் இறக்கையோடு நின்றபடியே கேட்டாள்:

"இன்னாடி, உன் வூட்டுக்காரர் விரல வெச்சு டிராமா போடறியா? அவருக்குத் தெரியுமா?"

தமிழ்செல்வி அவளைப் பார்த்த பார்வையில், அது கணவனின் விரல்தான் என்று அதுவரை தெரியாதவள் எழுதியவள் ஒருத்திதான் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"இது எகிப்து கதைக்கா."

"யாக்கே சுள்ளு ஹேள்தியா?" மாரம்மா கன்னடத்துக்குப் போய்விட்டாள், எதற்குப் பொய் சொல்கிறாய் என்று அர்த்தம்.

அன்று ராத்திரி விரலை அடித்துவிட்டுக் காது என்று எழுதிப் பார்த்தாள். ஊருக்கே கிளம்பி நிற்பவனை மேடையில் வைத்து ஊர் பார்க்கச் செய்தால், பங்குனி வரைகூட இருக்கமாட்டான். ஆனால் காது என்றதும் அந்த அம்மாள் தொட்டிக்குள் இறங்கவே மறுத்தாள். ஓரமாக நின்று எட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்று போய்விட்டாள். மூக்கு, கால் கட்டைவிரல், எதற்கும் இறங்கவில்லை. திரும்ப விரலாக்கினாள். இறங்கினாள்.

வேறு வழி தெரியாமல் கணவனிடம் சொன்னாள்: "கம்பெனியில நாடகம். குடும்பத்தோட வரச் சொல்லியிருக்காங்க. சாப்பாடும் உண்டு. நீங்க வராதீங்க."

வந்தான். வராதே என்று சொல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்கமாட்டான்.

நாடகம் எப்படி இருந்தது என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. அம்மன் ஏன் பிளாஸ்டிக் போட்டிருக்கிறாள் என்று முன்வரிசைக் குழந்தைகள் கேட்டன. ராஜாவைக் கொன்றது தம்பியா மிஷினா என்று யாருக்கும் விளங்கவில்லை. கடைசியில் நவீன்குமார் செருகிய உறுதிமொழி வந்ததும் நிம்மதியாகக் கை தட்டினார்கள். ஆறுதல் பரிசாக ஒரு குடம் கிடைத்தது. ராஜேஷ்குமார் கை தட்டவில்லை. அவன் கை பாக்கெட்டில் இருந்தது.

வெளியே பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றார்கள், நடுவில் குடம். நாளைக்கே கிளம்புகிறேன் என்று சொல்லப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் வேறு ஒன்று கேட்டான்.

"எகிப்துல கரும்பு ஜூஸ் கடை இருக்கா?"

"தெரியல."

"அப்ப அது எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

"உங்க பட்டறைக்கு எதுத்தாப்புல ஒண்ணு இருக்கும்ல."

"அந்தம்மா ஐஸப் போட்டு எடுத்துட்டுப் போகுதே, மூணு அடுக்கு டிபன் பாக்ஸு. அது?"

"உங்களோடதுதான். ஆஸ்பத்திரியில நர்ஸ்கிட்ட கொடுத்தது, திரும்ப வாங்க மறந்துட்டேன்."

"விரலப் பட்டறைக்காரன்ல கொடுத்துவிட்டான்?"

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அவனாக நினைத்துக்கொண்டது.

"ஆம்புலன்ஸ்காரர்தாங்க சொன்னாரு," என்றாள் தமிழ்செல்வி, தானே அப்போதுதான் ஞாபகம் வந்தவளாக. "ஈரத்துணி, கவரு, அப்புறம் ஐஸு. நாங்க நிக்க முடியாது, கெடச்சா பின்னாடியே கொண்டாங்கன்னாரு. புஸ்தகத்துல படிச்சேன்னுல்ல நெனச்சேன்."

ராஜேஷ்குமார் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தான். மடங்காத விரலால் அவள் உள்ளங்கையைத் திருப்பினான். குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து பழைய கீறல்கள். வேலையில் ஆனது என்று நினைத்து அவன் இத்தனை மாதம் கேட்காமல் விட்டவை.

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றான். பிறகு, "குடத்த எடு, பஸ் வருது."

நடந்தது இவ்வளவுதான். போன ஆடியில், ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு, தமிழ்செல்வி யாரிடமும் தெரிவிக்காமல், இருந்த இடத்தில் காத்திருக்காமல், பட்டறையின் ஸ்கிராப் தொட்டிக்குள் இறங்கி வெறுங்கையால் தேடினாள். ஒரு விரல் கிடைத்தது. அதை டிபன் பாக்ஸில் வைத்து, பெங்களூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். இன்னொன்று தேடியும் கிடைக்கவில்லை.