கடப்பாரை ஒரு நாள் தங்கினார்

ஆற்றங்கரையில் அவரை எல்லோரும் 'கடப்பாரை' என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு கட்டுகிறவருக்கு மேஸ்திரி என்று மரியாதையாக ஒரு பெயர் இருக்கிறது. வீட்டைப் பிரிக்கிறவருக்கு என்ன பெயர்? கையில் இருந்ததையே பெயராக வைத்துவிட்டார்கள். கரை அரித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் வர ஆரம்பித்தால், ஆறு கொண்டு போவதற்கு முன்னால் நாமே பிரித்து எடுத்துவிட வேண்டும். தகரம், சட்டம், கதவு, ஜன்னல், செங்கல் எல்லாவற்றையும் நசுங்காமல் உடையாமல் அவர் கழற்றிக் கொடுப்பார். கரையை விட்டுத் தள்ளி வேறு இடம் பார்த்து, அதே சாமான்களை வைத்து மறுபடி வீடு எழுப்பிக்கொள்வார்கள். அங்கே பாதிக் குடும்பங்களுக்குத் தலைக்கு மேல் கூரை இருக்கிறதென்றால் அது இந்த மனுஷன் புண்ணியம்.

நன்றியா? அதை ஏன் கேட்கிறீர்கள்! அவர் டீக்கடையில் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போவார். தெருவில் நடந்தால், "யார் வீட்டுக்குப் போறீங்க?" என்று ஜன்னல் வழியாகக் குரல் வரும். "சும்மா கடைக்குத்தான்" என்று அவர் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு மூச்சே வரும். கடப்பாரை வந்துவிட்டுப் போனால் பின்னாலேயே ஆறும் வரும் என்று எவனோ கிளப்பிவிட, அது அப்படியே நிலைத்துவிட்டது. ஆறு வருவதால்தானே அவரைக் கூப்பிடுகிறோம் என்பது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. என்ன ஜனங்களோ!

மனைவி போன பிறகு அவருக்கு இருந்தது ஒரே மகள். ஆற்றிலிருந்து நன்றாகத் தள்ளியிருந்த இடமாகப் பார்த்துத்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார். கல்யாணமான கையோடு மாப்பிள்ளையின் அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்: "உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. ஆனா எங்க வீட்டுக்கு மட்டும் வந்துடாதீங்க. பயமா இருக்கு."

அதனால் மகள்தான் எப்போதாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வருவாள். பேத்திக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்து, அடுத்த பஸ் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதோடு சரி. தன் ஒற்றை அறைக்குத் திரும்பி, ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, அதிலும் பாதியை மிச்சம் வைப்பார். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் ரேடியோ கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். மகள் வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும், பேத்தி தன் மடியில் தூங்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசைப்பட்டது.

இந்த வருஷ மழையில் ஆறு திசை மாறி மகள் வீட்டுப் பக்கமே திரும்பியது. மாப்பிள்ளையே போன் பண்ணினார். "மாமா, நீங்க வரணும். அம்மாதான் கூப்பிடச் சொன்னாங்க."

மகள் குடியிருக்கிற வீடு போகப்போகிறதே என்று அவருக்குக் கவலையாகத்தான் இருந்தது. கூப்பிட்டுவிட்டார்களே என்று மனசு துள்ளவும் துள்ளியது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பிரிக்கிற வேலைக்கு யாராவது புதுச் சட்டை போடுவார்களா?

போனதும் வழக்கம்போல முதலில் வீட்டைச் சுற்றி வந்தார். பின்பக்கம், சமையலறைச் சுவரை ஒட்டினாற்போல மண்ணில் நீளமாக விரிசல் ஓடியிருந்தது. வேறு யார் வீடாவது என்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் கூரை மேல் ஏறியிருப்பார்.

"இப்பவே ஆரம்பிச்சிடலாமா மாமா? ஆளுங்களக் கூப்பிடட்டுமா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

உள்ளே மகள் தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. பேத்தி ஓடி வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரு ராத்திரி தாங்கும் என்று மனசு தன் இஷ்டத்துக்குக் கணக்குப் போட்டது.

"அவசரமில்ல மாப்பிள்ளை. காலையில பார்த்துக்கலாம். எதுக்கும் எல்லாரும் முன்னறையிலயே படுத்துக்குங்க" என்றார்.

மகள் போடப் போட, வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார். "தாத்தா மூக்குல ஏன் முடி முளைச்சிருக்கு?" என்று பேத்தி கேட்க, சம்பந்தியம்மாகூட வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். குழந்தை அவர் மடியிலேயே தூங்கிப்போனது. கால் மரத்துப்போயும் அவர் அசையவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான்.

காலையில் முன்னறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. "வெளிய ஓடுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் சமையலறையைக் காணோம். அது இழுத்த இழுப்பில் மிச்சக் கூரையும் மடங்கி, தகரமும் கதவும் ஜன்னலுமாக ஆற்றுக்குள் சரிந்தது.

மாப்பிள்ளையின் அண்ணன் மேட்டில் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தார். அங்கே எழுப்ப அவர்களிடம் இருந்தது ஆற்றோடு போன இந்தச் சாமான்கள் மட்டும்தான். புதிதாக வாங்க எங்கே போவார்கள்? மத்தியானத்துக்குள் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வேலை தேடி நகரத்துக்கு, அவர் அம்மா மூத்த மகன் வீட்டுக்கு, மகளும் குழந்தையும் நாத்தனார் வீட்டுக்கு. ஒன்றாக இருந்த குடும்பம் ஆளுக்கொரு பக்கமாகப் போனது.

வேன் வந்து நின்றதும் சம்பந்தியம்மா அவரிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

"உங்களப் போய் இத்தனை வருஷம் என்னென்னவோ சொல்லிட்டேன் சம்பந்தி. மனசுல வச்சுக்காதீங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு பண்ணினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் குனிந்த தலையை நிமிர்த்தாமலே நகர்ந்தார்.

மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றிருந்தாள். அவர் அவள் பக்கத்தில் போய், "நாத்தனார் வீடெல்லாம் எதுக்கும்மா? என் ரூம் சின்னதுதான், ஆனா நம்ம ரூம். என்கூட வந்துடேன்" என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் அவர் போன வீடுகளுக்கெல்லாம் கூடவே போனவள். "எதுக்குப்பா நேத்து எங்கள முன்னறையில படுக்கச் சொன்னீங்க?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் அவருக்கு அது வராது.

"பின்னாடி விரிசல் விட்டிருந்துச்சும்மா" என்றார்.

குழந்தை அவரிடம் போக வேண்டும் என்று கையை நீட்டியது. அவள் அந்தக் கையை மடக்கித் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள்.