தண்ணீர் குடிக்கப் பயந்த நாட்கள்

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். வீடு அடி அண்ணாமலையில். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தை மாதத்தில் நாள் குறித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா அடிவயிற்றில் அந்த வலி வரவேண்டும்!

பெரிய வலி என்றால் கத்தி அழுதாவது தீர்த்துக்கொள்ளலாம். இது லேசான வலி. சேலையை உதறி விரிக்கும்போதும் இருக்கும், மடிக்கும்போதும் இருக்கும். மாதக்கணக்கில் இப்படியே. நிற்கவும் பிடிக்காது, உட்காரவும் பிடிக்காது. "இதே பார்டர்ல பச்சை இருக்கா?" என்று யாராவது கேட்டால் எரிந்து விழத் தோன்றும்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். முதலில் சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். அப்புறம் வாயு என்று பூண்டுக் கஷாயம். அதற்கும் அடங்கவில்லை என்றதும், குடல் ஏறிவிட்டது என்று வயிறு தடவும் அம்மாள் ஒருவரிடம் கூட்டிப்போனாள். அவர் தடவிய தடவலில் வலி ஜாஸ்தியானதுதான் மிச்சம்.

"வெளியில மூச்சு விடாதடி. வயித்துவலிக்காரின்னு பேர் வந்துட்டா மாப்பிள்ளை வீட்டுல என்னா நினைப்பாங்க?" என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டாள்.

எனக்கோ வேறு பயம். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு இப்படித்தான் லேசாக ஆரம்பித்து, கடைசியில் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். எனக்கும் அதுதானோ? குழந்தையே பிறக்காதோ? மறைத்து ஒருவர் தலையில் என்னைக் கட்டுகிறார்களோ? தாலி ஏறுவதற்குள் தெரிந்தே ஆகவேண்டும் என்று, கடைக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பெண் டாக்டர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், உள்ளேயும் பரிசோதித்தார், சிறுநீரைச் சோதனைக்குக் கொடுக்கச் சொன்னார். அதன் முடிவைப் பார்த்ததும், அதுவரை யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"கடையில இருக்கறப்ப ஒண்ணுக்கு எங்கம்மா போவே?"

"ஆம்பளைங்க பின்சந்துல ஒதுங்கிடுவாங்க. பொம்பளைங்களுக்கு இடமே இல்லீங்க. காலையில வீட்டுல போனா, திரும்பி ராத்திரி வந்துதான்."

"அப்ப தண்ணி?"

"குடிக்கவே மாட்டேங்க. குடிச்சாதானே வரும்!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கர்ப்பப்பைக்கு ஒன்றுமில்லை, சிறுநீர்ப்பையில்தான் கிருமி என்றார். அடிவயிற்று வலிக்குக் குடல்வால், சினைப்பைக் கட்டி, கல், மலச்சிக்கல் என்று எத்தனையோ காரணம் இருக்கும், வீட்டில் உட்கார்ந்து நீங்களே முடிவு பண்ணாதீர்கள் என்று அம்மாவையும் ஒரு பிடி பிடித்தார். மாத்திரை எழுதிக் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடி, அடக்காதே என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் டாக்டர் சொன்னபடி தண்ணீரைக் குடித்துவிட்டேன். போவது எங்கே? கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். முதலாளியிடம் போய் இதையா கேட்பது! சாப்பாட்டு வேளையில் பொறுக்க முடியாமல் பின்சந்துக்கு ஓடி, கதவு திறந்திருந்த ஒரு வீட்டின் முன் நின்றேன். ஜைனக் குடும்பத்து அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர்.

"அம்மா... கொல்லைப்பக்கம் கொஞ்சம்..." என்றேன். அங்கேயும் கால் மாற்றி நின்றேன்.

"போம்மா, நேராப் போ" என்று உடனே வழிவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது ஒரு செம்பில் தண்ணீரை நீட்டினார். அவர்கள் வீட்டில் காய்ச்சி ஆறவைத்துத்தான் குடிப்பார்களாம். நான் தயங்கினேன்.

"பயப்படாம குடி. நாளைக்கும் வா. கூட வேலை செய்யற பொண்ணுங்களையும் கூட்டினு வா" என்றார்.

கடைக்குப் போய் என் வலியையும் அந்த வீட்டையும் பற்றி மற்ற பெண்களிடம் மெல்லச் சொன்னேன். ஒருத்தி சட்டென்று தன் அடிவயிற்றில் கைவைத்து, "உனக்குமாடி?" என்றாள். நான் மட்டும்தான் என்றல்லவா இத்தனை நாளும் செத்துப் பிழைத்தேன்! பக்கத்திலேயே நின்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சேலை மடித்திருக்கிறாள்.

தையில் கல்யாணம் நடந்தது. மகளும் பிறந்தாள். அவள் முதன்முதலில் வேலைக்குப் போய்த் திரும்பிய அன்று, ஆபீஸ் எப்படி, ஆட்கள் எப்படி என்று வீட்டில் எல்லோரும் விசாரித்தார்கள். நான், "அங்க பாத்ரூம் இருக்காடி?" என்றேன். "என்னம்மா நீ!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் "இருக்கு" என்று அவள் வாயால் சொல்லும்வரை, அந்தச் சந்து வீட்டு வாசலில் கால் மாற்றி நின்ற பெண்ணாகத்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.