யூரியா எந்த அலமாரிக்கு

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் குப்பி கழுவுவது என் வேலை. அஞ்சாவது வரைதான் படிப்பு. யாராவது பேசினால் தலையாட்டுவேன். அதோடு சரி.

அங்கே இரண்டு அலமாரிகள். ஒன்று ஆர்கானிக், மற்றது இனார்கானிக். செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள், தேர்வுக்கென்று எடுத்து வைத்த மூன்று குப்பிகளை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். பெயர்ச்சீட்டுகள் கூழாகிக் கையோடு வந்துவிட்டன. மூன்றிலும் வெள்ளைப் பொடி. பெயரில்லாத பொருளைக் கொட்டிவிட வேண்டும் என்பது ஆய்வக விதி. கொட்டினால் தேர்வு நின்றுவிடும். பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

என் மகள் வயதுள்ள ஆசிரியையிடம் போய் நின்றேன்.

"ஏனுங்க மேடம், தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

அவர் திட்டவில்லை. "குளுக்கோஸ், உப்பு, யூரியா. எது எதுன்னுதானுங்களே தெரியலை? கண்டுபுடிச்சிரலாம், வாங்க."

ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகையைக் கரண்டியில் எடுத்துத் தீயில் காட்டினார். முதலாவது பாகாக உருகி, கரிக்கட்டையாகிவிட்டது.

"உள்ளே கரி இருக்குதுங்க. இது ஆர்கானிக், குளுக்கோஸ்."

இரண்டாவது படபடவென்று வெடித்து, வெள்ளையாகவே கிடந்தது. உப்பு. மூன்றாவது உருகியது, கருகவில்லை. புகையைக் கையால் என் பக்கம் விசிறினார்.

"கட்டுத்தறியில மாட்டு மூத்திர நாத்தமுங்க," என்றேன். "யூரியாவேதானுங்க. சோளக்காட்டுல எத்தனை வெதச்சிருக்கறேன்."

குப்பியை எடுத்துக்கொண்டு இனார்கானிக் அலமாரிக்கு நடந்தேன்.

"அங்கெங்கீங்க போறீங்க? அதும் ஆர்கானிக்தானுங்க."

"யூரியா போடாம வெளைஞ்ச தக்காளியத்தானுங்க ஆர்கானிக்னு விக்கறாங்க?"

அவர் சிரித்துச் சிரித்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அது கடைக்காரங்க ஆர்கானிக்குங்க. எங்களுக்குக் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறுன்னா பெரும்பாலும் ஆர்கானிக். பேக்டரியில செஞ்சாலும் சரி, மாடு குடுத்தாலும் சரி. யூரியா சூட்டுல வாயுவாப் பிரிஞ்சு போயிருது, அதான் கருகலை."

உடன் வேலை செய்பவரிடம் சொல்வதுபோல்தான் சொன்னார். உப்பையும் சர்க்கரையையும் நாக்கால் மட்டுமே பிரித்தறிந்தவள் நான். ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு அவர் பொருளின் உள்ளேயே போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகத் தோன்றியது.

புதுச் சீட்டையும் பேனாவையும் என்னிடமே நீட்டினார். "மோந்து சொன்னது நீங்கதானுங்களே, எழுதுங்க."

தமிழில் 'யூரியா' என்று எழுதி ஒட்டினேன். கொஞ்சம் கோணல். மறுநாள் தேர்வில் அந்தக் குப்பியை ஆர்கானிக் அலமாரியிலிருந்து எடுத்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.