கடலில் முங்கியவர் விமானம் ஏறிய கதை

லட்சத்தீவுக்குப் போய் ஸ்கூபா டைவிங் செய்யப்போவதாக யாராவது சொன்னால், ‘திரும்பி வருவது கப்பலிலா, விமானத்திலா?’ என்றுதான் முதலில் கேட்பேன். பவளப்பாறையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது என் கணவரின் இடது காதைப் பற்றி.

1997 பிப்ரவரி. திருப்பூர் நல்லூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் யூனிட். கல்யாணமாகி ஆறு வருடத்தில் நாங்கள் சேர்ந்து கிளம்பிய முதல் பயணம் அது. மகனை ஊத்துக்குளியில் என் அம்மா வீட்டில் விட்டோம். மாமனாரிடம் ‘கொச்சிக்குப் போகிறோம்’ என்று மட்டும் சொன்னோம். என் கணவர் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று எவரோ எழுதிவைத்துவிட்டார். அன்றிலிருந்து மாமா இவரைக் கிணற்றுப் பக்கமே விட்டதில்லை. எங்கள் பக்கத்தில் நீச்சல் தெரியாத பையன் என்றால் ஊரே கேலி பேசும். அதனால் குண்டடத்தில் அம்மாவைப் பெற்ற அப்புச்சி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு இவர் திருட்டுத்தனமாக நீந்தக் கற்றுக்கொண்டார். தடுத்துத் தடுத்தே தண்ணீர் மேல் ஆசையை வளர்த்துவிட்டார்கள்.

எர்ணாகுளம் வரை ரயிலில் ஐந்து மணி நேரம். அங்கிருந்து அகத்தித் தீவுக்குச் சின்ன விமானத்தில் ஒன்றரை மணி நேரம், பிறகு படகு. எனக்குப் படகில் உட்கார்ந்தாலே குமட்டும், ஆகவே நான் வேடிக்கை பார்த்ததோடு சரி. டைவிங்கின் கடைசி நாள் காலையில் இவர் இரண்டு முறை இறங்கினார், அறுபது அடி ஆழம். மேலே வந்து முகக்கண்ணாடியைக் கழற்றியதும், “மீனெல்லாம் என்னைய வேடிக்கை பாக்குது புள்ள!” என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்துக் கப்பலில் திரும்புவதாக ஏற்பாடு. மதியம் யூனிட்டிலிருந்து போன் வந்தது: வாங்கும் கம்பெனிக்காரர்கள் சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஏற்றுமதி ஷிப்மென்ட் நிற்கிறது. திருப்பூரில் அந்தச் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. எழவுக்கு வராதவனுக்குக்கூட ‘ஷிப்மென்ட்’ என்றால் மன்னிப்பு உண்டு. டைவிங் கற்றுத்தந்த மலையாளி குறுக்கே நின்று, “இன்னிக்குப் பறக்கக் கூடாது சார், நாளைக்குப் போங்க” என்றார். “ஷிப்மென்ட்டுங்க” என்றார் இவர், அதுவே பதில் என்பதுபோல. மூன்று மணி விமானத்தில் இரண்டு இடம் கிடைத்தது. தலைக்கு நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஏறினோம்.

அரை மணி நேரம் பறந்திருப்போம். இவர் இடது காதைப் பொத்திக்கொண்டார்.

“ஏனுங்க, என்னாச்சு?”

“வண்டு கத்துறாப்புல இருக்குது. தலை சுத்துது புள்ள.”

இறங்கியதும் வாந்தி. ரயிலில் வரும் வழியெல்லாம் கண்ணைத் திறக்கவில்லை. மறுநாள் காலை நான் மகனைக் கூட்டிவர ஊத்துக்குளி போனேன். அந்த நேரத்தில் மாமா இவரைப் பக்கத்து டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார். அங்கே மகனுக்குக் காய்ச்சல் வந்து, நான் திரும்ப இரண்டு நாளாகிவிட்டது. வந்து பார்த்தால் இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அலமாரியில் காதுக்கான சொட்டு மருந்து.

“டாக்டர்கிட்ட என்னன்னு சொன்னீங்க?”

“கடல்ல குளிச்சேன்னு சொன்னேன்.”

“அறுபதடி முங்குனது? ப்ளேன்ல வந்தது?”

“அப்பா பக்கத்துலயே உக்காந்திருந்தாரு புள்ள.”

குளித்தேன் என்றால் எந்த டாக்டரும் காதில் தண்ணீர் போனதற்குத்தான் மருந்து தருவார். அவர் மேல் தப்பே இல்லை. நானே மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, கார் பிடிக்கப் போய்விட்டார்.

கோயமுத்தூர் காது டாக்டர் எவ்வளவு ஆழம், எத்தனை மணிக்கு விமானம் என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். ஆழத்தில் சுவாசித்த காற்று ரத்தத்தில் கரைந்திருக்கும், அது மெதுவாக வெளியேற வேண்டும், அதற்குள் உயரே பறந்தால் குமிழாகி உள்காதைத் தாக்கலாம் என்றார்.

“தண்ணியில கண்டமுன்னு சொன்னாங்களுங்க” என்றார் மாமா.

“தண்ணியில தப்பிச்சுட்டாருங்க. மேல பறந்ததுலதான் வினை. மொத நாளே தெரிஞ்சிருந்தா குமிழைக் கரைக்கிற அழுத்த அறையில வெச்சுப் பாத்திருக்கலாம். இப்ப உறுதியாச் சொல்ல முடியாதுங்க.”

ஆறு நாள் வைத்தியம் பார்த்தார்கள். தலைசுற்றல் குறைந்து நிற்கச் சில மாதமானது. இடது காது கேட்கவே இல்லை.

ஆகவே, போகிறவர்கள் கேளுங்கள். சளி இருந்தால் இறங்காதீர்கள். டைவிங்குக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் விடுங்கள். திரும்பும் டிக்கெட்டை அதற்குத் தோதாக எடுங்கள். பிறகு தலை சுற்றினாலோ காது இரைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், ‘ஸ்கூபா’ என்ற சொல்லையும் ஆழத்தையும் விமானத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் சொல்லுங்கள்.

கோயமுத்தூரிலிருந்து திரும்பும்போது நான் முன் சீட்டில் இருந்தேன். பின்னால் மாமா இவருக்கு இடது பக்கம். சூலூர் தாண்டியதும் தணிந்த குரலில், “எனக்குப் பயந்துக்கிட்டா கண்ணு சொல்லாம உட்டே?” என்று கேட்டார். இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவேயில்லை.

மாமா கேட்டது எந்தப் பக்கத்துக் காதில் என்று அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு உறைத்தபோது மாமா உயிரோடு இல்லை.